செங்கல் இன்னும் சாகவில்லை

வாருங்கள், வாசகர்களே! கையில் உள்ள வேலையைச் சற்றே கீழே வையுங்கள். இந்த அடுக்குமாடிக் கட்டடத்தின் படிகளில் ஏறி வாருங்கள். இங்கே ஓர் அநியாயம் நடக்கிறது. அதற்குச் சாட்சி வேண்டும்!

அதோ, ஒரு கதவின் முன் ஒரு பெண் நிற்கிறாள். தோளில் பை. கழுத்தில் அடையாள அட்டை. முழங்கால்களில் தூசி. யார் காலிலும் விழுந்ததால் ஒட்டிய தூசியன்று அது. மாடிதோறும் படிக்கட்டின் ஓரத்தில், இருட்டுப் பெட்டிகளுக்குள் ஒளிந்து கிடக்கும் மின்சார மீட்டர்களை மண்டியிட்டுப் படித்ததால் ஒட்டிய தூசி. அவளுக்குத் தெருக்காரர்கள் சூட்டிய பெயர் மீட்டரம்மா.

கதவு ஒரு சாண் திறந்தது.

"அம்மா, போன் அணையப் போகுது. கொஞ்ச நேரம் சார்ஜ் போட்டுக்கட்டுமா? உள்ள வரல, வாசல்லயே நிக்கறேன்."

"இது வீடா, சத்திரமா? உங்க ஆபீஸ்ல போய்ப் போட்டுக்கோங்க."

கதவு மூடியது. அந்த வீடு மாதம் முழுவதும் குடிக்கும் மின்சாரத்தை அளந்து எழுதுபவள் இவள். அந்த மின்சாரத்தில் ஒரு மிடறு இவளுக்கு இல்லை! கையிலிருந்த போன் ஒருமுறை நடுங்கியது, இருண்டது.

போன் இருண்டால் என்ன, வேலை நின்றுவிடுமா என்று கேட்பீர்கள். நிற்காது. மீட்டரம்மா நிற்கவும் இல்லை. மேல்மாடி வரை ஏறினாள். கைக்குட்டையால் கண்ணாடிகளைத் துடைத்தாள். எண்களைப் பேனாவால் உள்ளங்கையிலும், இடம் போதாமல் முழங்கை வரையிலும் எழுதிக்கொண்டாள். ஆனால் அவளுடைய அலுவலகத்துக்கு உழைப்பு கண்ணில் படாது. அங்கே ஒரு செயலி இருக்கிறது. மீட்டரைப் படம் எடுக்க வேண்டும், அதை அந்தச் செயலியில் ஏற்ற வேண்டும், போன் எந்நேரமும் விழித்திருந்து ஆள் எங்கே என்று சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். போன் இருண்ட மறுகணமே செயலி ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிடும்: 'ஆள் இல்லை.' அரை நாள் கூலி போய்விடும்.

அன்று மாலை அவள் போனை உயிர்ப்பித்தபோது மேற்பார்வையாளரின் செய்தி காத்திருந்தது. இன்னொரு முறை போன் அணைந்தால் இந்தத் தெருக்கள் வேறொருவருக்குப் போகும்.

இந்தத் தெருக்கள்! எந்த நாய் குரைக்கும், எந்த நாய் குரைக்காமல் கடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். எந்த வீட்டு மீட்டர்ப் பெட்டிக்குள் குருவி கூடு கட்டியிருக்கிறது, எந்த வீட்டில் அழைப்பு மணியை அடித்தால் தூங்கும் குழந்தை எழும் என்று தெரியும். ஆண்டுக்கணக்கில் நடந்து சம்பாதித்த அறிவு அது. அதை ஒரு கிழட்டு பேட்டரியின் கையில் ஒப்படைப்பதா?

"நாளைக்கு லீவு. நாளைக்கே புதுப் போன் வாங்கியாகணும்," என்று வீட்டுக்குள் நுழைந்ததும் அறிவித்தாள்.

அவள் கணவர் ஒரு விடுதியின் சமையல்காரர். ஊருக்கே சமைத்துவிட்டு வந்து, வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். "பவர் பேங்க் வாங்கிக் குடுத்தேனே, அது என்னாச்சு?"

"ஒயர் பையிலேருந்து தொங்கிக்கிட்டே வந்துச்சு. மூலை வீட்டு நாய் அத வால்னு நெனச்சு இழுத்துக்கிட்டு ஓடிடுச்சு."

"அப்போ இன்னொண்ணு வாங்கி இடுப்புல கட்டிக்கிட்டுப் போ."

"உங்களக் கட்டிக்கிட்டதே போதும். வேற எதையும் கட்டறதா இல்ல."

உள்ளறையில் வெடிச்சிரிப்பு கேட்டது. அது நாத்தனாருடையது. அழகு நிலையத்தில் வேலை. வாய்க்கு மட்டும் விடுமுறை கிடையாது. "அண்ணி, நான் வரேன் உங்ககூட. அண்ணனக் கூட்டிட்டுப் போனா கத்தரிக்கா பாக்கற மாதிரி போனோட காம்பத் தேடுவாரு."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே மூவர் வாசலில் நின்றார்கள். மூன்றாமவன் நெட்டையன், பக்கத்துத் தெருக்களுக்கு மீட்டர் படிப்பவன். மீட்டரம்மாவை அக்கா என்று அழைப்பான். உயரம் காரணமாக அவன் தலை படாத மீட்டர்ப் பெட்டி இல்லை. நெற்றியில் எந்நாளும் ஒரு புடைப்பு உண்டு. அவனுடைய போனும் சாகக் கிடந்தது. அக்கா வாங்குவதைப் பார்த்துத் தானும் வாங்கலாம் என்று வந்திருந்தான்.

கடைக்காரர் அன்றைய முதல் வியாபாரம் கிடைத்த மகிழ்ச்சியில் ஒரு போனை வெல்வெட் துணி மேல் வைத்துக் காட்டினார். "இதப் பாருங்க மேடம். எவ்வளவு மெலிசு! பைல போட்டா இருக்கறதே தெரியாது."

"தொலைஞ்சாலும் தெரியாது," என்றாள் மீட்டரம்மா. "அண்ணே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். காலைல கையில எடுத்தா சாயங்காலம் வரைக்கும் உயிரோட இருக்கணும்."

"ரெண்டு நாள் நிக்கும் மேடம்! பெட்டி மேலயே போட்டிருக்கான்."

"யாரு வேலைக்கு ரெண்டு நாள்? பாட்டுக் கேக்கறவனுக்கா, படி ஏறறவளுக்கா? நான் நாள் பூரா டார்ச் போடணும். கேமராவத் தொறந்தே வச்சிருக்கணும். ஆப் ஓடிக்கிட்டே இருக்கும். அதுக்கு எவ்வளவு நேரம் நிக்கும்?"

கடைக்காரர் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கேள்விக்குப் பெட்டியில் விடை இல்லை. பாருங்கள் இந்தக் கொடுமையை! முகத்தை அழகாக்கிக் காட்டும் வித்தைக்குப் பக்கம் பக்கமாய் விளக்கம் எழுதுகிறவர்கள், இருட்டுக்குள் கைவிட்டு உழைப்பவளுக்கு ஒரு வரி எழுதவில்லை. உழைப்பவர் கேட்பதைச் சந்தை கேட்டுக்கொள்வதில்லை. கேட்காத காதுக்கு எதிரில் என்ன செய்யலாம்? கண்ணுக்கு எதிரில் செய்து காட்டச் சொல்லலாம்!

அதைத்தான் சொன்னாள் மீட்டரம்மா. "அண்ணே, காட்சிக்கு வச்சிருக்கீங்களே, அந்தப் போன்களையெல்லாம் முழுசா சார்ஜ் பண்ணுங்க. எல்லாத்துலயும் டார்ச்சப் போடுங்க, கேமராவத் தொறங்க. எது கடைசி வரைக்கும் எரியுதோ அத வாங்கிக்கறேன்."

"நாள் பூரா எரியுமே மேடம்!"

"எரியட்டும். எங்களுக்கு லீவுதான்."

"நானும் ஒண்ணு வாங்கறேன் அண்ணே," என்று நெட்டையன் தலையை நுழைத்தான். மேலே தொங்கிய விளம்பரப் பலகையில் நெற்றி முட்டிற்று. "ஜெயிக்கறதத்தான்."

ஒன்றுக்கு இரண்டு விற்கும் என்றதும் கடைக்காரரின் எதிர்ப்பு கரைந்தது. போட்டியாளர்கள் மேசைக்கு வந்தன. பெயர் சூட்டும் பொறுப்பை நாத்தனார் ஏற்றுக்கொண்டாள். பொன்னிற விளிம்போடு பளபளத்த மெல்லிய போனுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். முதுகெல்லாம் கேமராவாக இருந்ததற்குக் 'கண்ணழகி'. மூன்றாவது, அலமாரியின் அடித்தட்டில் ரசீதுகள் பறக்காமலிருக்கப் பாரமாக வைக்கப்பட்டிருந்த தடித்த கறுப்புப் போன்.

"இது யாரும் வாங்கறதில்ல மேடம். பேட்டரி பெருசுதான். ஆனா பாக்க ஒரு மாதிரி இருக்கும்," என்றார் கடைக்காரர் கூச்சத்தோடு.

"அண்ணி, இது போன் இல்ல. வீடு கட்ற செங்கல்!" என்றாள் நாத்தனார். அதுவே அதன் பெயராயிற்று.

எந்தப் போனில் பேச்சு தெளிவாகக் கேட்கிறது என்று பார்ப்பதற்காக, மீட்டரம்மாவின் சிம்மைக் கடைக்காரர் ஒவ்வொன்றாய் மாற்றி மாற்றிப் போட்டுக் காட்டினார். கடைசியில் போட்டது செங்கல்லில். அதை எடுக்க மறந்து அப்படியே விட்டுவிட்டார். இதை நீங்கள் நினைவில் வையுங்கள். அவர்கள் யாரும் வைக்கவில்லை.

போன்கள் குப்புறப் படுத்தன. விளக்குகள் கூரையை நோக்கி எரிந்தன. போட்டி தொடங்கியது!

செய்தி கடைவீதியில் பரவ எவ்வளவு நேரம் ஆகும்? பக்கத்துத் துணிக்கடைக்காரர் வந்தார். காய்கறிக் கடை அம்மா தராசை அப்படியே விட்டுவிட்டு வந்தாள். ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர் மாப்பிள்ளையின் பக்கம் நின்றார். முடிதிருத்துபவர் கண்ணழகிக்கு ஆதரவு தெரிவித்தார். செங்கல்லுக்காகப் பேச ஒரு நாதியில்லை. நாத்தனார் நடுவில் நின்று வர்ணனை செய்தாள்: "மாப்பிள்ளை கொஞ்சம் வேர்க்கறாரு... கண்ணழகி கண் சிமிட்டாம நிக்கறா... செங்கல் வழக்கம்போல சும்மா கெடக்குது!"

"சூடா இருக்கே, வெடிச்சிடாதே?" என்று துணிக்கடைக்காரர் பின்வாங்கினார்.

"உங்க கடைத் துணிய விட இது கெட்டி," என்று காய்கறிக் கடை அம்மா அவரை முன்னே தள்ளினாள்.

அன்று அந்தக் கடையில் நடந்தது வெறும் வேடிக்கையன்று, வாசகர்களே! விற்பவன் சொல்வதை வாங்குபவர் நம்பித்தான் தீரவேண்டும் என்ற பழைய சட்டத்தை ஒரு மேசைமீது போட்டு எரித்தார்கள். அதனால்தான் அத்தனை பேர் முகத்திலும் அத்தனை வெளிச்சம்.

நண்பகல் கடந்ததும் கூட்டம் சாப்பிடக் கலைந்தது. அவர்கள் திரும்பி வந்தபோது முதல் பலி விழுந்திருந்தது. மேசையில் இரண்டு விளக்குகள் எரிந்தன; ஒன்று இருண்டிருந்தது. இருண்டது செங்கல்!

மீட்டர் படிப்பவர்களுக்கு ஒரு தொழில் வழக்கம் உண்டு. ஒவ்வொரு மின்மீட்டரிலும் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருக்கும். துடிப்பு இல்லை, எண்ணும் தெரியவில்லை என்றால் அந்த மீட்டரை 'இறந்தது' என்று குறித்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நகர்ந்துவிடுவார்கள். தொட்டுப் பார்ப்பதில்லை, தட்டிப் பார்ப்பதில்லை. நாளுக்கு நாள் செய்து செய்து அது கண்ணின் பழக்கமாகவே ஆகிவிட்டது. நெட்டையன் செங்கல்லை எட்டிப் பார்த்தான்; விளக்கும் இல்லை, திரையின் ஓரத்தில் கசியும் ஒளியும் இல்லை.

"அக்கா, செத்துப்போச்சு. குறிச்சுக்கலாம்."

"செத்துப்போச்சு," என்று மீட்டரம்மாவும் தலையசைத்தாள். இரண்டு வல்லுநர்கள் சொன்ன பிறகு யார் மறுப்பார்கள்? நாத்தனார் தன் கைக்குட்டையை எடுத்துச் செங்கல்லின் முகத்தை மூடினாள். "நல்ல ஆத்மா. பாரமா இருந்துச்சே தவிர, பாரமா வாழல."

கடை அதிர்ந்தது சிரிப்பால்.

பிற்பகலில் மாப்பிள்ளை மயங்கிச் சரிந்தார். ஆட்டோ ஓட்டுபவர் தலையில் கைவைத்தார். கண்ணழகியும் அந்திக்குள் மங்கி விடுவாள் என்பது தெரிந்தது. ஆனால் களத்தில் அவள் ஒருத்திதானே மிச்சம்! முடிதிருத்துபவர் தோளில் துண்டைச் சுழற்றினார். மீட்டரம்மா பெருமூச்சு விட்டாள். தன் வேலைக்கு இதுவும் போதாது, சாயங்காலத் தெருக்களில் இதுவும் கைவிடும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆயினும் வேறு வழி? தெருக்களை இழப்பதா? பணத்தை எடுக்கக் கைப்பையைத் திறந்தாள்.

அப்போது கைக்குட்டைக்குள் ஒரு நடுக்கம். பிறகு ஒரு மணியோசை.

காய்கறிக் கடை அம்மா அலறினாள்: "ஐயோ, பொணம் பேசுது!"

நெட்டையன் பின்னுக்குத் துள்ளியதில் விளம்பரப் பலகை மறுபடியும் நெற்றியைப் பதம் பார்த்தது. நாத்தனார் கைக்குட்டையை விலக்கிப் போனைப் புரட்டினாள். செங்கல்லின் திரை பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது. மீட்டரம்மா எடுத்துக் காதில் வைத்தாள்.

"ஏம்மா, சாப்பாடு ஆறுது. உயிரோட இருக்கியா இல்லையா?" கணவரின் குரல் கடை முழுக்கக் கேட்டது. பேச்சுத் தெளிவில் செங்கல்லுக்கு நிகரில்லை.

"இருக்கேங்க," என்றாள் மீட்டரம்மா. "இதுவும் உயிரோடதான் இருக்கு!"

திரையைப் பார்த்தாள். பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம்! கடைக்காரர் அமைப்புகளுக்குள் விரலோட்டித் தேடினார். பிறகு தம் நெற்றியில் அடித்துக்கொண்டார். "மேடம், யாரும் தொடாம ரொம்ப நேரம் கெடந்தா இது தானாவே டார்ச்ச அணைச்சிக்கும். சார்ஜ் வீணாக்க வேணாம்னு அப்படி வச்சிருக்கான்!"

"அப்போ இது சாகல," என்றான் நெட்டையன் நெற்றியைத் தடவியபடி.

"தூங்குச்சு," என்றாள் மீட்டரம்மா.

"அக்கா, அது தூங்கிட்டு ஜெயிச்சா ஞாயமா? மத்ததெல்லாம் பாவம் முழிச்சிருந்துச்சுங்க."

நியாயமான கேள்வி. நேர்மையான மனிதர்கள் வெற்றியைக்கூடச் சோதித்துத்தான் ஏற்பார்கள். கடைக்காரர் அந்த அமைப்பை மாற்றினார். விளக்கு மறுபடி எரிந்தது. இனித் தூக்கமில்லை. கண்ணழகி அந்தியில் கண்மூடினாள். முடிதிருத்துபவர் துண்டை மடித்து வைத்தார். செங்கல் எரிந்தது. தெருவிளக்குகள் எரியத் தொடங்கின, செங்கல் எரிந்தது. கடைக்காரர் கதவை இழுத்துச் சாத்தும் நேரம் வந்தது. செங்கல் அப்போதும் எரிந்தது! கடையின் முன் எழுந்த கைதட்டலில் பேருந்துக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆனால் மீட்டரம்மா கைதட்டவில்லை. செங்கல்லைக் கையில் ஏந்தியபடி யோசனையில் நின்றாள்.

"என்ன அண்ணி? ஜெயிச்சதுக்கு அழுவீங்க போலருக்கே."

"இல்லடி. இது இருட்டா கெடந்தப்போ நான்தான் செத்துப்போச்சுன்னு சொன்னேன். தொட்டுக்கூடப் பாக்கல. என் போன் இருட்டானா அந்த ஆப்பும் என்ன அப்படித்தானே எழுதுது? நான் நாலாவது மாடியில மண்டி போட்டிருக்கேன். அது ஆளே இல்லங்குது!"

நாத்தனார் செங்கல்லைத் தட்டிக் காட்டினாள். "அப்போ நாளைக்குப் போய் இதையே சொல்லுங்க. இந்தச் செங்கல்ல மேசை மேல வச்சுச் சொல்லுங்க. ஒடைஞ்சாலும் மேசைதான் ஒடையும்."

மறுநாள் காலை அலுவலகத்தில், கூடியிருந்த மீட்டர்க்காரர்கள் முன்னால், மேற்பார்வையாளர் செங்கல்லைக் கையில் வாங்கி எடைபோட்டுப் பார்த்தார், மனம் மகிழ்ந்தார். "பிரமாதம்மா! உங்க தெரு உங்களுக்கே. எல்லாரும் இதையே வாங்கிடுங்கப்பா. பிரச்சினை தீந்துது."

உள்ளங்கையில் சாசனத்தோடு வந்தவள் போல நிமிர்ந்து நின்றாள் மீட்டரம்மா. "தீரல சார்."

"ஏன்?"

"எங்க கூலியில நாங்க போன் வாங்கறோம். சார்ஜ் போட நாங்க உக்கார்ற ரூம்ல ஒரு ப்ளக் கெடையாது. போன் செத்தா ஆள் செத்த மாதிரி எழுதறீங்க. இந்தச் செங்கலும் ஒருநாள் கிழமாகும் சார். அன்னிக்கும் நான் படி ஏறிக்கிட்டுத்தான் இருப்பேன்."

பிறகு அவள் நேற்றைய கதையைச் சொன்னாள். கைக்குட்டை மூடிய கட்டம் வந்ததும் நெட்டையன் எழுந்து நாத்தனாரின் இரங்கலுரையை நடித்துக் காட்டினான். "பொணம் பேசுது" என்ற இடத்தில் அத்தனை பேரும் குலுங்கினார்கள். மேற்பார்வையாளர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்த மனிதரால் உடனே கடுகடுக்க முடியாது, அந்த இடைவெளியில் மீட்டரம்மா கேட்டாள்: "சார், நான் தப்பா செத்துப்போச்சுன்னு சொன்னேன். தெரிஞ்சதும் மாத்திக்கிட்டேன். நீங்க?"

மேற்பார்வையாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளுடைய கையைப் பார்த்தார். முந்தாநாள் எழுதிய எண்கள் முழங்கை வரை இன்னும் முற்றிலும் அழியாமலிருந்தன.

"இதெல்லாம் அந்தப் பில்டிங்கா?"

"மேல் மாடி வரைக்கும் சார்."

"குளிக்கலயா?" என்றான் நெட்டையன்.

"நல்ல பேனாடா."

மேற்பார்வையாளர் தாமே உட்கார்ந்து அந்த எண்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லச் சொல்லிச் செயலியில் ஏற்றினார். அரை நாள் கூலி திரும்பி வந்தது. அன்றே பணியாளர் அறையில், போன்களுக்குச் சார்ஜ் போட மின்பலகை ஒன்று முளைத்தது. செயலியில் 'ஆள் இல்லை' என்ற சொல் நீங்கி, 'போன் அணைந்தது, விசாரிக்கவும்' என்ற சொல் அங்கே ஏறியது. போனை அலுவலகமே தரவேண்டும் என்ற கோரிக்கைக்கு மட்டும் மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்றார். "கேளுங்க சார். நான் தினமும் ஞாபகப்படுத்தறேன். என் போன் நாள் பூரா நிக்கும்," என்றாள் மீட்டரம்மா.

அன்று மாலை, விட்டுப்போன மீட்டர்ப் படங்களை எடுக்க மீட்டரம்மா ஏறிய அதே அடுக்குமாடிப் படிக்கு நெட்டையன் பதறிக்கொண்டு வந்தான். அவன் புதுச் செங்கல் நாளைதான் கடைக்கு வருமாம். பழைய போன் கடைசி மூச்சில் இருந்தது. மீட்டரம்மா பையிலிருந்து ஒரு சிறு ஒயரை எடுத்தாள். தன் செங்கல்லின் ஒரு முனையில் செருகி, மறுமுனையை அவன் போனில் செருகினாள். அவன் போன் கண் விழித்தது.

"அக்கா, உங்க போன் என் போனுக்குச் சோறு போடுதே!"

"பெரிய வயிறு இருக்கறது எதுக்கு? பகிர்ந்து குடுக்கத்தான். குனிஞ்சு வா, மேல பெட்டி..."

இடித்துக்கொண்டான்.

அந்தச் சத்தம் கேட்டுத்தான் அந்தக் கதவு, அன்று மூடிய அதே கதவு, திறந்தது. ஒயரால் பிணைந்து நின்ற இருவரையும் அந்த வீட்டம்மா பார்த்தாள். நெட்டையன் நெற்றியையும் பார்த்தாள். சற்றுத் தயங்கினாள். "உள்ள வந்து போட்டுக்கோங்க," என்றாள். "ஐஸ் வேணுமா, நெத்திக்கு?"

வாசகர்களே! சாட்சியாய் வந்தீர்கள், சிரித்தீர்கள், சரி. சிரித்துவிட்டுச் சும்மா போக விடமாட்டேன். போன் வாங்கப் போகிறீர்களா? பெட்டியை நம்பாதீர்கள், உங்கள் வேலையை அந்த மேசைமீது வைத்து, எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வேலைக்கு ஆள் வைத்திருக்கிறீர்களா? அந்த வேலைக்கு வேண்டிய போனை நீங்கள் கொடுங்கள். விளக்கு அணைந்ததென்று ஆளை அழிக்குமுன் ஒருமுறை கூப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வாசலில் யாரோ ஒருவர் இருண்ட போனோடு நிற்கிறாரா? இப்போதே எழுந்து போங்கள். கதவைத் திறங்கள். சுவிட்சைப் போடுங்கள்!